பதிமூணு அடி எட்டு இன்ச்

அத்தை: கிளட்ச் மேலேர்ந்து காலை எடுங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: எடுத்துட்டேன் அத்தை.

அத்தை: எடுக்கலை. வண்டி முனகுது, கேக்கலையா? இருபத்திரெண்டு வருஷமா லாரி ஓட்டறவளுக்கு, பக்கத்து சீட்டுல சும்மா உக்காந்துட்டு வர்றதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. லைசென்ஸைப் பிடுங்கினதுகூட இவ்வளவு வலிக்கலை.

மாப்பிள்ளை: நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?

அத்தை: சேச்சே. ரொம்பப் பத்திரமா ஓட்டறீங்க. இப்ப ஒரு சைக்கிள் நம்மளை முந்திட்டுப் போச்சே, பாத்தீங்களா?

மாப்பிள்ளை: விசாரணை பதினோரு மணிக்குத்தானே. என்ன அவசரம்...

அத்தை: எனக்கு அவசரமே இல்லை. உங்களுக்குத்தான் போய்ச் சேர மனசில்லாத மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: அப்படியெல்லாம் இல்லை அத்தை. போர்டுல அறுபதுன்னு போட்டிருக்கு, அதைத் தாண்டக் கூடாதில்ல...

அத்தை: அறுபது மைலா, கிலோமீட்டரா?

மாப்பிள்ளை: கிலோமீட்டர். எல்லாம் இப்ப கிலோமீட்டர்தான்.

அத்தை: எதுவா இருந்தா என்ன. நீங்க போற முப்பது, ரெண்டுலயும் சேராது.

மாப்பிள்ளை: ஆறு மாசமா ஊர் பூரா மாத்திட்டு வர்றோம். மைல் போயி கிலோமீட்டர். அடி போயி மீட்டர். எங்க ஒர்க்‌ஷாப்புல போர்டு வெட்டி வெட்டி மிஷினே தேஞ்சு போச்சு. நீங்க இன்னும் மைலை விட மாட்டேங்கறீங்க.

அத்தை: துணி மீட்டர்ல வாங்கறேன். பால் லிட்டர்ல வாங்கறேன். அதுக்கெல்லாம் நான் சண்டைக்கு வந்தேனா? உயரம்னா மட்டும் எனக்கு அடிதான். பதிமூணு அடின்னா கண்ணு முன்னாடி வந்து நிக்கும். நாலு புள்ளி ரெண்டு மீட்டர்னு சொன்னா... ஒண்ணும் வந்து நிக்கலை.

மாப்பிள்ளை: பழகிடும் அத்தை.

அத்தை: பழகறதுக்குள்ள என் லாரிக் கூரை உரிஞ்சு போச்சே!

மாப்பிள்ளை: ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.

அத்தை: கோவம் வர்ற விஷயம்னா சொல்லுங்க. இந்த வேகத்துல போனா பொழுது போகணுமில்ல.

மாப்பிள்ளை: இல்ல... வேகமா போனேன்னு நீங்க ஒத்துக்கிட்டா மூணு மாசம்தான். மூணு மாசத்துல லைசென்ஸ் கைக்கு வந்துரும். மாட்டேன்னு வாதாடித் தோத்துட்டா...

அத்தை: ஒரு வருஷம். தெரியும்.

மாப்பிள்ளை: அதனாலதான் சொல்றேன்.

அத்தை: எனக்கு அம்பத்தி நாலு வயசு. ஒரு வருஷம் வீட்டுல உக்காந்துட்டு எழுந்திரிச்சா, எந்தக் கம்பெனி கூப்பிட்டு எனக்கு வண்டி கொடுக்கும்?

மாப்பிள்ளை: அதையேதான் நானும் சொல்றேன். மூணு மாசம்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள...

அத்தை: மூணு மாசம் எனக்குப் பெரிசில்லை. வேகமா போயி பாலத்துக்குக் கீழ வண்டியை இடிச்சவங்கற பேரு இருக்கே, அது மூணு மாசத்துல போகாது. நடந்து போற வேகத்துல போனேன் மாப்பிள்ளை. நடந்து போற வேகத்துல! எறும்புகூட ஒதுங்கி நின்னு வழி விட்டிருக்கும். டர்ர்ருன்னு தகரம் கிழியற சத்தம்... இன்னும் காதை விட்டுப் போகலை.

மாப்பிள்ளை: உங்களை நான் நம்பறேன் அத்தை.

அத்தை: நம்பறீங்களா?

மாப்பிள்ளை: சத்தியமா.

அத்தை: அப்புறம் எதுக்கு ஒத்துக்கச் சொல்றீங்க?

மாப்பிள்ளை: எதிர்ல பஸ் வருது, ஒதுங்கிக்கறேன் அத்தை...

அத்தை: சரி விடுங்க. கொட்டாவி விடறீங்களே, தூக்கம் இல்லையா?

மாப்பிள்ளை: கொஞ்சம் சீக்கிரம் எழுந்துட்டேன்.

அத்தை: என் பொண்ணும் புலம்பினா. பத்து நாளா விடிகாலையில எங்கயோ போயிடறீங்களாமே.

மாப்பிள்ளை: வாக்கிங் அத்தை. டாக்டர் நடக்கச் சொன்னாரு.

அத்தை: ஏணியோடவா?

மாப்பிள்ளை: ...என்னது?

அத்தை: இல்ல, கார் மேல ஏணியைக் கட்டிட்டு வாக்கிங் போறீங்கன்னு சொன்னா. புது விதமான வாக்கிங் போலிருக்கு.

மாப்பிள்ளை: அது... ஒர்க்‌ஷாப் ஏணி. திருப்பிக் கொடுக்கறதுக்காக...

அத்தை: பத்து நாளாவா?

மாப்பிள்ளை: பெரிய ஏணி அத்தை.

அத்தை: ம்ம். அதோ அந்த மஞ்சள் கட்டிடம்தான். அங்க நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் பின்னால... இன்னும்... போதும். ஆமா, உங்க வேலையை எப்ப நிரந்தரம் பண்றாங்க?

மாப்பிள்ளை: இன்னும் ரெண்டு மாசம். நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்.

அத்தை: உள்ள வாங்க.

மாப்பிள்ளை: நான் எதுக்கு...

அத்தை: கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

மாப்பிள்ளை: கண்ணாடி உங்க தலை மேலயே இருக்கே.

அத்தை: அது தூரப்பார்வைக்கு. இறங்குங்க.

*

அதிகாரி: உக்காருங்கம்மா. கூட வந்திருக்கறவர் யாரு?

அத்தை: என் மாப்பிள்ளை. கார் ஓட்டிட்டு வந்தாரு. என் லைசென்ஸ்தான் உங்க டிராயர்ல இருக்கே சார்.

அதிகாரி: டிராயர்ல இல்லை, பீரோவுல இருக்கு.

அத்தை: பத்திரமா இருக்கட்டும். போகும்போது எடுத்துட்டுப் போறேன்.

அதிகாரி: ரொம்ப நம்பிக்கையா இருக்கீங்க. ஃபைலைப் படிக்கறேன், கேளுங்க. உங்க வண்டி உயரம் நாலு புள்ளி ஒண்ணு எட்டு மீட்டர். பாலத்து போர்டுல உயரம் நாலு புள்ளி ரெண்டு. ரெண்டு சென்டிமீட்டர் இடம் இருக்கு. மெதுவா போனா இடிக்கவே இடிக்காது. ஆனா இடிச்சிருக்கு. அப்ப?

அத்தை: அப்ப?

அதிகாரி: வேகமா போயிருக்கீங்க. வண்டி துள்ளியிருக்கு. கூரை மாட்டியிருக்கு. சுலபமான கணக்கு.

அத்தை: பாலத்தை யாராவது அளந்து பாத்தீங்களா சார்?

அதிகாரி: எதுக்கு அளக்கணும்? போர்டு வச்சது இலாகா. இலாகா அளவு தப்பா இருக்குமா?

அத்தை: நான் அளந்தேன். கம்பு கட்டி, டேப் கட்டி, நாலு டிரைவர் பக்கத்துல நிக்க அளந்தோம். போட்டோவும் இருக்கு. பாருங்க. பதிமூணு அடி எட்டு இன்ச்.

அதிகாரி: அடியா? அடியெல்லாம் இப்ப செல்லாதும்மா.

அத்தை: டேப்புல அடிதான் போட்டிருந்துச்சு. பாலத்துக்கு எதுல அளந்தா என்ன, அது வளரப் போகுதா?

அதிகாரி: வேற ஏதாவது இருக்கா?

அத்தை: இதோ என் நோட்டு. இருபத்திரெண்டு வருஷமா நான் போன எல்லா ரோட்டுலயும் இருக்கற பாலத்தை எழுதி வச்சிருக்கேன். இந்தப் பாலத்தைப் பாருங்க. பழைய போர்டுல என்ன இருந்துச்சோ அதான். பதிமூணு எட்டு.

அதிகாரி: பதிமூணு புள்ளி எட்டு... ம்ம். இருங்க, கால்குலேட்டர் எங்க... ஒரு அடிங்கறது பூஜ்யம் புள்ளி மூணு பூஜ்யம் நாலு எட்டு மீட்டர். பதிமூணு புள்ளி எட்டைப் பெருக்கினா... நாலு புள்ளி ரெண்டு! பாத்தீங்களா? போர்டுல என்ன இருக்கு? நாலு புள்ளி ரெண்டு!

அத்தை: அப்படியா வருது?

அதிகாரி: நீங்களே பாருங்க. உங்க நோட்டே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுதும்மா. நல்லா வசமா மாட்டிக்கிட்டீங்க.

மாப்பிள்ளை: அத்தை... ஒத்துக்கிட்டுப் போயிடலாம்...

அத்தை: கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை. சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க நல்ல உயரம். எவ்வளவு இருப்பீங்க?

அதிகாரி: இப்ப எதுக்கு அது?

அத்தை: சும்மா சொல்லுங்க.

அதிகாரி: அஞ்சடி பத்து. எங்க குடும்பத்துலயே நான்தான் உயரம்.

அத்தை: பாத்தாலே தெரியுது. உங்க வீட்டுல ரொம்பக் குட்டையா இருக்கறது யாரு சார்?

அதிகாரி: என் மச்சான். அஞ்சடி ரெண்டு. பக்கத்துல நின்னா என் தோளைத் தொட மாட்டான். என்னம்மா விசாரணை பண்றது நானா, நீங்களா?

அத்தை: இந்தக் காகிதத்துல உங்க உயரத்தை எழுதுங்க. எல்லாரும் எப்பவும் எழுதற மாதிரி.

அதிகாரி: அஞ்சு... புள்ளி... பத்து.

அத்தை: கீழ மச்சானோடது.

அதிகாரி: அஞ்சு புள்ளி ரெண்டு. சரி, எழுதியாச்சு.

அத்தை: இப்ப அதே கால்குலேட்டர்ல ரெண்டையும் மீட்டருக்கு மாத்துங்க.

அதிகாரி: அஞ்சு புள்ளி ஒண்ணு பூஜ்யம்... பெருக்கினா... ஒண்ணு புள்ளி அஞ்சு அஞ்சு. மச்சான்... ஒண்ணு புள்ளி அஞ்சு எட்டு. சரி...

அத்தை: சரியா?

அதிகாரி: இரு, இரு, இரு. இதெப்படி? அவன் என்னைவிட மூணு சென்டிமீட்டர் உயரமா?

அத்தை: சுலபமான கணக்குத்தான் சார்.

அதிகாரி: எங்கம்மா சுலபம்! அவன் எட்டி நின்னாலும் என் காதுக்கு வர மாட்டான்! கால்குலேட்டர்ல பேட்டரி தீந்து போச்சு போல.

அத்தை: பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஒரு அடிக்கு எத்தனை இன்ச் சார்?

அதிகாரி: பன்னெண்டு. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

அத்தை: கால்குலேட்டருக்குத் தெரியாது. அதுக்கு ஒரு அடிக்குப் பத்து இன்ச்தான். நம்ம எல்லாரும் அடியையும் இன்ச்சையும் பிரிக்க நடுவுல புள்ளி வைக்கறோம். அது அந்தப் புள்ளியை வேற கணக்குல எடுத்துக்குது.

அதிகாரி: ஆ...

அத்தை: பதிமூணு அடி எட்டு இன்ச்சை இன்னொரு தடவை போடுங்க. அடியைத் தனியா, இன்ச்சைத் தனியா.

அதிகாரி: பதிமூணு அடி... மூணு புள்ளி ஒம்போது ஆறு மீட்டர். எட்டு இன்ச்... இருபது சென்டிமீட்டர். கூட்டினா... நாலு புள்ளி ஒண்ணு ஆறு.

அத்தை: கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். மாப்பிள்ளைக்குக் கேக்கலை.

அதிகாரி: நாலு புள்ளி ஒண்ணு ஆறு!

அத்தை: என் வண்டி?

அதிகாரி: நாலு புள்ளி... ஒண்ணு எட்டு. அடக் கடவுளே. வண்டி போகவே போகாதே!

அத்தை: அந்தப் பாலத்துல நான் நடந்து போனா என்ன, பறந்து போனா என்ன சார்? இடிக்கத்தான் செய்யும். பழைய வண்டியில இதே பாலத்துல ஆயிரம் தடவை போயிருக்கேன். அது பதிமூணு அடி வண்டி. புது வண்டியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறது மீட்டர்ல. பாலத்துலயும் புது போர்டு மீட்டர்ல. ரெண்டையும் பாத்தேன், போகும்னு இருந்துச்சு, போனேன்.

அதிகாரி: அதெல்லாம் சரிம்மா... ஆனா ஒரு சந்தேகம். உங்க கூட ஓட்டறவங்க எல்லாரையும் விசாரிச்சேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இந்தம்மா எந்தப் பாலம் வந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போயி அண்ணாந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க, பின்னாடி எத்தனை பேர் ஹாரன் அடிச்சாலும் அசைய மாட்டாங்கன்னு.

அத்தை: ஆமா.

அதிகாரி: அன்னைக்கு இறங்கிப் பாத்தீங்களா?

அத்தை: ...இல்லை.

அதிகாரி: ஏன்?

அத்தை: முழங்கால் வலி சார்.

அதிகாரி: ம்ம்... எழுதிக்கறேன். சரி. இப்ப இதுல ஒரு சிக்கல் இருக்கு. நீங்க சொல்றது எனக்குப் புரியுது. என் மச்சானை வச்சே புரிய வச்சுட்டீங்க. ஆனா இலாகா தப்பு பண்ணிருச்சுன்னு நானா எழுத முடியாது. அந்தக் கணக்கைப் போட்டது யாரு, எதைப் பாத்துப் போட்டாங்க, ஒரு கையெழுத்தும் ஃபைல்ல இல்லை. மேல எழுதிக் கேக்கணும். பதில் வர ஆறு மாசம் ஆகும்.

அத்தை: அதுவரைக்கும் லைசென்ஸ்?

அதிகாரி: பீரோவுல.

அத்தை: ஆறு மாசமா? ஒத்துக்கிட்டாலே மூணு மாசம்தானே சார்!

அதிகாரி: நான் என்னம்மா பண்றது... இந்தக் கணக்கை நான்தான் போட்டேன், இப்படித்தான் தப்பாச்சுன்னு யாராவது வந்து உக்காந்து எழுதிக் கொடுத்தா, இன்னைக்கே முடிச்சுரலாம். அப்படி யாரு வருவா? வேற சாட்சி யாராவது இருக்காங்களா?

அத்தை: ...

அதிகாரி: இருக்காங்களாம்மா?

அத்தை: நான் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லை சார்.

அதிகாரி: அப்ப ஃபைலை மேல அனுப்பிடறேன். இதுல ஒரு கையெழுத்து...

மாப்பிள்ளை: சார்.

அதிகாரி: நீங்க படிச்சுச் சொல்லுங்க, அவங்க போடட்டும்.

மாப்பிள்ளை: இல்லை சார். அந்தக் கணக்கு... நான் போட்டது.

அதிகாரி: எந்தக் கணக்கு?

மாப்பிள்ளை: பாலத்துக் கணக்கு. நான் போர்டு ஒர்க்‌ஷாப்புல இருக்கேன். பழைய ரிஜிஸ்டரைக் கொடுத்து, நாப்பத்தோரு பாலத்துக்கும் மீட்டர்ல மாத்தி எழுதச் சொன்னாங்க. ரிஜிஸ்டர்ல எல்லாம் பதிமூணு புள்ளி எட்டு, பதினாலு புள்ளி மூணுன்னு இருந்துச்சு. நான் அப்படியே பெருக்கிட்டேன். ஒரே மதியத்துல முடிச்சேன். சீக்கிரம் முடிச்சதுக்குப் பாராட்டினாங்க சார்...

அதிகாரி: யோவ்... நீரா? இவங்க மாப்பிள்ளையா?

மாப்பிள்ளை: ஆமா சார்.

அதிகாரி: அம்மா, இது உங்களுக்கு...

அத்தை: அவர் பேசட்டும் சார்.

மாப்பிள்ளை: அவங்க வண்டி இடிச்ச அன்னைக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து மறுபடி போட்டுப் பாத்தேன். தப்பு தெரிஞ்சுருச்சு. சொல்ல வாய் வரலை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை... ரெண்டு மாசம்தான் பாக்கி. அத்தையை ஒத்துக்கச் சொல்லிட்டு நான் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். இன்னைக்கு வர்ற வழியிலகூட அதையேதான் சொன்னேன். அவங்க நடந்து போற வேகத்துலதான் போனாங்க சார். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னோடது.

அதிகாரி: நாப்பத்தோரு பாலம்! ஐயோ... மத்ததெல்லாம்? இப்ப இந்த நிமிஷம் ஒவ்வொரு பாலத்துலயும் லாரி போயிட்டிருக்கேய்யா! போன் எங்க...

மாப்பிள்ளை: போன் வேண்டாம் சார். ஆபத்தா இருந்தது மொத்தம் ஏழுதான். மத்ததுல புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு எண்ணோட வெட்டி எழுதினதுல தப்பு அடிபட்டுப் போச்சு. சிலதுல இருக்கறதைவிடக் கம்மியாவே போட்டிருக்கேன், லாரி வீணா சுத்திட்டுப் போகும், இடிக்காது. அந்த ஏழுல இவங்க இடிச்ச பாலத்துல அன்னைக்கே ரோட்டை மறிச்சுட்டாங்க. மீதி ஆறு... நான் மாத்திட்டேன்.

அதிகாரி: மாத்திட்டீரா? யாரைக் கேட்டு?

மாப்பிள்ளை: யாரையும் கேக்கலை. ஒர்க்‌ஷாப்புல மீந்த தகட்டுல சரியான நம்பரை வெட்டி, விடிகாலையில ஏணி வச்சு ஏறி... முதல் மூணு நாள்லயே நம்பரை மாத்தியாச்சு. அப்புறம் ஒவ்வொண்ணையும் அளந்து, சரியா இருக்கான்னு பாத்துட்டே இருந்தேன்.

அதிகாரி: விடிகாலையில திருட்டுத்தனமா அரசாங்க போர்டை... இதுக்கு எந்தப் பிரிவுல நடவடிக்கை எடுக்கறதுன்னே தெரியலையே எனக்கு.

மாப்பிள்ளை: எந்தப் பிரிவா இருந்தாலும் எழுதிக்கங்க சார். காகிதம் கொடுங்க. எல்லாத்தையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

அதிகாரி: உம்ம வேலை போனாலும் போகும். தெரியுதா?

மாப்பிள்ளை: தெரியுது சார். அவங்க லைசென்ஸை இன்னைக்கே கொடுத்துருங்க.

அதிகாரி: இந்தாரும், பேனா. நிதானமா எழுதும். அடியைத் தனியா, இன்ச்சைத் தனியா. அம்மா, பீரோ சாவி எங்க வச்சேன்னு பாக்கறேன், கொஞ்சம் இருங்க... இதோ. உங்க லைசென்ஸ். ஒரு கீறல் இல்லாம வாங்கினேன், அப்படியே கொடுத்துட்டேன். சரியா பாத்துக்கங்க.

அத்தை: சரியா இருக்கு சார். இவர் விஷயம்?

அதிகாரி: விசாரணை வரும், நான் தடுக்க முடியாது. ஆனா தானா முன்வந்து சொன்னாரு, ஆறு பாலத்துல உசிர்ச்சேதம் வராமக் காப்பாத்தினாருன்னு முதல் பக்கத்துலயே எழுதுவேன். யோவ் மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில நாப்பத்தோரு பாலத்தையும் நேர்ல அளக்கணும். எந்தத் தப்பு எங்க இருக்குன்னு உம்மைவிட்டா வேற யாருக்கும் தெரியாது. ஒம்போது மணிக்கு வந்துரும்.

மாப்பிள்ளை: வந்துடறேன் சார். ஏணி...

அதிகாரி: அதான் உம்மகிட்டயே இருக்கே! அம்மா, என் மச்சான் விஷயம் மட்டும் வெளியில போக வேண்டாம்.

அத்தை: எந்த மச்சான் சார்? அந்த உயரமானவரா?

*

அத்தை: சாவியைக் கொடுங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: நீங்க ஓட்டறீங்களா?

அத்தை: பின்னே? லைசென்ஸ் எதுக்கு வாங்கினேன், சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டவா? அந்தப் பக்கம் போயி உக்காருங்க. பெல்ட்டைப் போடுங்க. பிடிச்சுக்கங்க.

மாப்பிள்ளை: அத்தை, மெதுவா... மெதுவா!

அத்தை: ஆஹா! பத்து நாளாச்சு. கையெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. பாத்தீங்களா, அந்த சைக்கிள்காரன் இப்ப எங்க இருக்கான்னு?

மாப்பிள்ளை: அத்தை... உங்க முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசுது.

அத்தை: பாக்க வேண்டாம். ரோட்டைப் பாருங்க. சந்தோஷமா இருக்கேன், அதைக் கெடுக்காதீங்க. வண்டி நாலு புள்ளி ஒண்ணு எட்டு, பாலம் நாலு புள்ளி ஒண்ணு ஆறுன்னு அந்த மனுஷன் வாயாலயே சொல்ல வச்சேனே! இனிமே எவன் என்னை வேகமா போனவள்னு சொல்றான், பாக்கறேன்.

மாப்பிள்ளை: உங்களுக்கு எப்ப தெரியும்? நான்தான் போட்டேன்னு?

அத்தை: டிரைவருங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க. ஒரு பாலத்துல போர்டு மாறியிருக்காம், ரெண்டு பாலத்துல மாறியிருக்காம், யாரு மாத்தறாங்கன்னு தெரியலையாம், பேய் மாத்துதாம். பேய்க்கு எதுக்கு ஏணி?

மாப்பிள்ளை: தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே.

அத்தை: கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. அப்புறம் காலத்துக்கும், அத்தை கேட்டதால சொன்னேன்னு உங்களுக்கு இருக்கும். என் பொண்ணுக்கும் அது தெரிஞ்சிருக்கும்.

மாப்பிள்ளை: நான் வாயே திறக்காம இருந்திருந்தா?

அத்தை: ஆறு மாசம் பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பேன்.

மாப்பிள்ளை: அங்கயே சொல்லியிருக்கலாமே, இதோ உக்காந்திருக்காரு பாருங்கன்னு. விரலை நீட்டியிருந்தா போதும். அந்த மனுஷன் ரெண்டு தடவை கேட்டாரு.

அத்தை: மூணாவது தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க 'சார்'னு கூப்பிட்டீங்க பாருங்க... அந்த ஒரு வார்த்தையில எனக்கு லைசென்ஸ் வந்துருச்சு. அதுக்கப்புறம் பீரோ திறந்தா என்ன, திறக்காட்டா என்ன. கண்ணைத் துடைங்க. சிக்னல்ல நிக்கறோம், எல்லாரும் பாக்கறாங்க.

மாப்பிள்ளை: ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அத்தை. எழுதிக் கொடுக்கும்போதே மனசுல குடைஞ்சிட்டே இருந்துச்சு. எந்தப் பாலம் வந்தாலும் இறங்கிப் பாக்கறவங்க நீங்க. அன்னைக்கு மட்டும் முழங்கால் வலின்னு சொன்னீங்க. போன வாரம் எங்க வீட்டுக்கு மூணு மாடி ஏறி வந்தீங்களே, மூச்சுகூட வாங்கலை...

அத்தை: பச்சை விழுந்துருச்சு, இருங்க.

மாப்பிள்ளை: விழலை. இன்னும் சிவப்புதான். சொல்லுங்க அத்தை. அன்னைக்கு ஏன் இறங்கலை?

அத்தை: முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. இறங்கத்தான் கதவைத் திறந்தேன்... மேல பாத்தா புது போர்டு, பளபளன்னு. அதுக்கு முந்தின நாள்தான் என் பொண்ணு போன் பண்ணி, எல்லாப் பாலத்துக்கும் அவர்தாம்மா கணக்குப் போட்டாரு, வெளியில சொல்லக் கூச்சப்படறாருன்னு அப்படியொரு பெருமையா சொல்லியிருந்தா. நம்ம மாப்பிள்ளை போட்டதை நானே இறங்கி நின்னு சரி பாக்கறதான்னு கதவைச் சாத்திட்டு வண்டியை உள்ள விட்டேன். இதைப் போயி அந்த அதிகாரிகிட்ட எப்படிச் சொல்றது... இனிமேலும் உங்க போர்டு இருக்கற எந்தப் பாலத்துலயும் நான் இறங்க மாட்டேன், பாத்துக்கங்க.